சந்தையில் கலங்கிய உருவங்கள்

1851-ஆம் ஆண்டளவில் ஷார்ல் நெக்ர் என்ற பிரெஞ்சு ஓவியர், பாரிஸில் ஸீன் ஆற்றங்கரைச் சந்தையொன்றைப் புகைப்படம் எடுத்தார். அதனை ஒரு நூலில் முதன்முதலாகக் கண்டபோது, கெட்டுப்போன படம் என்றெண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். முகங்கள் தெளிவாக இல்லை. உருவங்கள் கரித்துண்டால் தீட்டிய நிழல்கள் போலிருந்தன.

பின்னர்தான் 1838-இல் டாகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படம் நினைவுக்கு வந்தது. வண்டியும் ஜனமும் மிகுந்த அவ்வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆயின. நடந்தோர் எவரும் பதியவில்லை. நின்று பாதரட்சைக்கு மெருகு போட்டுக்கொண்ட ஒருவர் தப்பினார். மெருகிட்டவரோ அரைகுறையாகவே தெரிகிறார். அப்படத்தை மட்டும் நம்புகிறவன் பாரிஸை ஆளற்ற நகரமென்றே எழுதிவிடுவான்!

நெக்ர் வில்லைகள் பலவற்றை இணைத்து அந்த நேரத்தை வெகுவாகக் குறைத்தார். ஆகவேதான் அசைந்தவர்கள் அடியோடு மறையாமல், கலங்கலாகவேனும் நிற்கிறார்கள். நான் குறையென்று ஒதுக்கிய அம்மங்கலே, அங்கு மக்கள் நடமாடியதற்குச் சான்று. பண்டத்தின் விலையை இப்படம் கூறாது. அதற்குக் கணக்கேடுகளைத்தான் நாட வேண்டும். நூலகத்தில் இப்படம் உங்கள் கண்ணிற்பட்டால், எவை கலங்கியுள்ளன, எவை கலங்கவில்லை என்று முதலில் பாருங்கள்.