மருத்துவத்தில் நுண்ணலைப் படமெடுப்பு

மருத்துவ நுண்ணலைப் படமெடுப்பு என்பது ஆற்றல் குறைந்த நுண்ணலைகளை உடலுக்குள் செலுத்தி, அவை சிதறியும் வலுவிழந்தும் வெளிவருவதை ஆண்டெனாக்களால் அளந்து, உள்ளிருக்கும் திசுக்களின் தன்மையைக் கணிக்கும் முறையாகும். நீர் மிகுந்த திசு இவ்வலைகளை அதிகம் தடுக்கும். கொழுப்பு எளிதில் வழிவிடும். எக்ஸ்ரேயைப் போலன்றி இவை அணுக்களை அயனியாக்குவதில்லை என்பதால் ஒருவருக்கே பலமுறை சோதனை செய்யலாம். இத்துறையின் வரலாறு ஒரு பாடத்தைச் சொல்கிறது: எதையும் காட்டும் கருவியாக இதை வளர்க்க முனைந்தபோது தடைகள் எழுந்தன; குறுகிய ஒரு கேள்வியைக் கேட்டபோது பயன் தென்பட்டது.

1970களின் இறுதியில் அமெரிக்காவில் லார்சனும் ஜேக்கபியும் நாயின் சிறுநீரகத்தை நீரில் அமிழ்த்தி நுண்ணலைப் படம் எடுத்தனர். 1998இல் சூசன் ஹாக்னஸ் குழுவினர், குறுகிய துடிப்புகளால் மார்பகக் கட்டியைக் கண்டறியும் ரேடார் முறையைக் கணினிக் கணக்கீட்டில் காட்டினர். டார்ட்மத் கல்லூரியின் பால் மீனியும் கீத் பால்சனும் 16 ஆண்டெனாக்கள் கொண்ட கருவியால் ஐந்து பெண்களைப் பரிசோதித்து 2000இல் முடிவுகளை வெளியிட்டனர். 2007இல் விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகங்களின் ஆய்வு இம்முயற்சிகள் தந்த ஊக்கத்துக்கு ஒரு வரம்பைக் காட்டியது. அறுவை சிகிச்சையில் கிடைத்த திசுக்களை அளந்தபோது, புற்றுக்கும் கொழுப்புக்கும் இடையே மின்பண்புகளில் பத்து மடங்கு வரை வேறுபாடு இருந்தது. புற்றுக்கும் சுரப்பித் திசுவுக்கும் இடையிலோ ஏறத்தாழ 10 விழுக்காடுதான். சுரப்பித் திசு அடர்ந்த மார்பகத்தில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தடுமாறுகிறது என்பதே நுண்ணலையைத் தேடியதற்கு முக்கியக் காரணம். அதே இடத்தில் நுண்ணலைக்கும் சிக்கல் இருப்பது அப்போது தெளிவானது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்துறைக்குப் பங்களிப்பவற்றுள் ஒன்று, பாங்கியில் அமைந்த மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம். அங்குள்ள முகமது தாரிகுல் இஸ்லாம் குழுவினர் 2019இல், விலை குறைந்த, எடுத்துச் செல்லத்தக்க மார்பகச் சோதனைக் கருவியொன்றை 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் விவரித்தனர். மார்பகம்போல் செய்த மாதிரி உருவில் அது கட்டியைக் கண்டறிந்தது. மலேசியாவில் மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் நோய் தெரியவருகிறது என்று 2012–2016 தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுவதால், எளிய கருவிக்கான தேவை உண்மையானது.

தீங்கற்றதும் மலிவானதுமான கருவி இருக்கும்போது மேமோகிராம் எதற்கு என்று கேட்கலாம். மேமோகிராமின் மதிப்பு, இறப்பைக் குறைக்கிறதா என்று பல்லாயிரம் பெண்களிடம் நீண்டகாலம் நடந்த ஆய்வுகளால் நிறுவப்பட்டது; நுண்ணலைக்கு அத்தகைய சான்று இல்லை. தாமதமாகக் கண்டறிவதற்கு அச்சம், செலவு, மருத்துவமனைத் தொலைவு ஆகியவையும் காரணங்கள் என்பதால், கருவி மட்டுமே அதைத் தீர்த்துவிடாது. நுண்ணலை தரும் மங்கலான படத்தால் பயனே இல்லை என்னும் எதிர்முனை வாதமும் நிற்காது. கீமோதெரபியால் கட்டி சுருங்குகிறதா என்பதை அறிய, அதே பெண்ணின் முந்தைய அளவீட்டோடு ஒப்பிடலாம். டார்ட்மத் குழு 2013இல் வெளியிட்ட தொடக்கநிலை ஆய்வு இதற்கு நம்பிக்கை தந்தது. பக்கவாதம் இரத்தக்கசிவாலா அடைப்பாலா என்று பிரித்தறிவதும் இத்தகைய கேள்வியே. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் சிறிய நோயாளிக் குழுக்களிடம் அதைச் சோதித்தது. ஆகவே பாங்கியில் நடந்ததுபோன்ற உழைப்பு மாதிரி உருவைத் தாண்டி, சிகிச்சை பெறும் பெண்களிடம் தெளிவான ஒற்றைக் கேள்வியோடு சோதிக்கப்பட வேண்டும். அந்தச் சோதனையே இக்கருவிக்கு மருத்துவமனையில் உரிய இடத்தைத் தீர்மானிக்கும்.