திரைக்குப் பூட்டு வந்த கதை



மேசைக் கணினியின் திரைப்பூட்டை எடுத்துவிடலாமா என்று நம் குடும்பக் குழுவில் நான்கு நாளாக வாதம் நடக்கிறது. என் பங்கு இது. வாத்தியார் புத்தி, ஆதியிலிருந்துதான் தொடங்குவேன்.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த ஒரு முறையை உருவாக்கினார்கள். பெயர் சி.டி.எஸ்.எஸ். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பங்கீடு, ரேஷன் கடை மாதிரி. ஒருவர் கணக்கில் இன்னொருவர் கைவைக்காதிருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள்.

பூட்டு வந்த கையோடு கள்ளச்சாவியும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு. போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை, பாஸ்வேர்டு கோப்பை அச்சிடச் சொல்லித் துளையட்டை கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலையில் எல்லாருடைய பாஸ்வேர்டும் காகிதத்தில் அவர் கையில்! (என் வகுப்பிலும் இப்படி இரண்டு பேர் இருந்தீர்கள். பெயர் சொல்லமாட்டேன்.)

பூட்டே பிடிக்காதவர்களும் அங்கே இருந்தார்கள். 1977இல் ஓர் ஆய்வகத்தில் பாஸ்வேர்டு முறை வந்தபோது, ரிச்சர்டு ஸ்டால்மன் அவற்றைக் கண்டுபிடித்து உரியவர்களுக்கே அனுப்பினார். எதையும் தட்டாமல் வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

திரையின் கதை வேறு. பழைய குழாய்த் திரையில் ஒரே காட்சி நெடுநேரம் நின்றால் தழும்பு விழுந்துவிடும். அதற்காக 1983இல் ஜான் சோச்சா என்பவர், மூன்று நிமிடம் சும்மா இருந்தால் திரையை இருட்டாக்கும் சிறு நிரலைப் பத்திரிகையில் வெளியிட்டார். கண்ணாடியைக் காக்க வந்த அந்த ஸ்கிரீன் சேவரோடு, எழுந்து போனவரின் மேசையைக் காக்கப் பிற்பாடு பாஸ்வேர்டும் ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் 95இல் அது பேருக்குத்தான். கணினியை அணைத்துப் போட்டால் உள்ளே போய்விடலாம்.

பலர் பங்குபோட்ட கணினிக்கும் அலுவலக மேசைக்கும் வந்த பூட்டு, 78 வயதில் தனியாக இருக்கும் நம் பெரியக்கா வீட்டுக் கூடத்தில் என்ன செய்கிறது? பாஸ்வேர்டு நினைவுக்கு வருவதற்குள் பேத்தியின் வீடியோ அழைப்பு நின்றுபோகிறது. எடுத்துவிடலாம் என்பதே என் கட்சி. வீட்டுக்கு நாலு பேர் வந்துபோகிறார்களே என்று தம்பி சொல்வதும் நியாயம்தான். அதனால் பிரவுசரில் சேமித்த வங்கிப் பாஸ்வேர்டுகளை முதலில் அழித்துவிடுங்கள்.

பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போய், மறுபடி எப்போது பாஸ்வேர்டு கேட்கவேண்டும் என்ற இடத்தில் 'நெவர்' வையுங்கள். ஸ்கிரீன் சேவர் பக்கத்தில் 'ஆன் ரெஸ்யூம்' என்பதில் டிக் இருந்தால் அதையும் எடுக்கவேண்டும். மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் இதைச் செய்யாதீர்கள். அவை வீட்டைவிட்டு வெளியே போகிறவை.