கோடை உழவு (நாமக்கல் – சேலம் சமவெளி)

சித்திரை, வைகாசிக் கோடை மழைக்குப் பின், ஆடிப்பட்ட விதைப்புக்கு முன் மானாவாரி நிலத்தை உழுது போடும் முறை. நிலக்கடலையும் சோளமும் விளையும் இப்பகுதிச் செம்மண் மழை அடித்ததும் இறுகிப் பொருக்குத் தட்டும். அடுத்த மழை உள்ளிறங்காமல் வழிந்தோடும். உழவு அப்பொருக்கை உடைக்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும். மானாவாரிக்கு இது மலிவான நீர்ச்சேமிப்பு. மேலே நிற்கும் புழுதி, அடி ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். களைகள் அழிவதால் அவை உறிஞ்சும் நீரும் மிச்சமாகும். நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டு வெயிலில் சாவது கூடுதல் பயன். டிராக்டர் கலப்பை ஒரே ஆழத்தில் ஓடுவதால் உருவாகும் அடிமண் இறுக்கத்துக்கு உளிக்கலப்பை வேண்டும். அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவதே பரிந்துரை. சேறாக இருக்கையில் உழுதால் மண் கட்டிதட்டிக் கெடும்.