விற்றது எதை? விளையாட்டுப் பொருட்களின் வணிகமும் உடைமை பற்றிய பழைய கேள்வியும்



சில மாதங்களுக்கு முன், மாலை மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் சட்டங்களைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்து எல்லோரும் எழுந்து சென்றபின் பதினான்கு வயது மாணவன் ஒருவன் மட்டும் கிதாபை மூடாமல் அமர்ந்திருந்தான். "ஹழ்ரத், கைக்கு வராத பொருளை விற்கக் கூடாது என்று சொன்னீர்கள். மொபைல் கேமில் நான் சேர்த்த கன் ஸ்கின் எல்லாம் என் கையில் இருப்பதாகக் கணக்கா, இல்லையா?" என்று கேட்டான்.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக விளையாடிச் சேர்த்த பொருட்களோடு தன் ஐடியை வேறொரு பையனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கிறான். பத்து நாட்களில் விளையாட்டு நிறுவனம் அந்த ஐடியை முடக்கிவிட்டது. வாங்கியவன் பணத்தைத் திருப்பிக் கேட்கிறான். விற்றவனோ, "நான் கொடுத்துவிட்டேன், முடக்கியது கம்பெனி, நான் எப்படிப் பொறுப்பு?" என்கிறான்.

அன்று உடனே பதில் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்வி புதியது போலத் தோன்றினாலும் அதன் வேர் பழையது. அந்த வரலாற்றைப் பார்த்துவிட்டுப் பதிலுக்கு வருவோம்.

அல்ஜார் துறைமுகத்தின் தானியச் சீட்டுகள்

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு. மர்வான் இப்னுல் ஹகம் மதீனாவின் ஆளுநராக இருந்த காலம். செங்கடல் கரையிலுள்ள அல்ஜார் துறைமுகத்தில் வந்திறங்கும் தானியத்திலிருந்து மக்களுக்குப் பங்கு வழங்க அரசு சீட்டுகளைக் கொடுத்தது. சீட்டைக் கொண்டுசென்று தானியத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் சந்தையில் வேறொன்று நடந்தது. தானியத்தைக் கண்ணால் காணாமலே மக்கள் சீட்டுகளை விற்றார்கள்; வாங்கியவர்கள் அவற்றை மற்றவருக்கு விற்றார்கள். தானியம் துறைமுகத்திலேயே இருக்க, அதன் விலை மதீனாவில் கைமாறிக்கொண்டிருந்தது.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் ஆளுநரிடம் சென்று இதைக் கண்டித்தார்கள். உடனே மர்வான் காவலர்களை அனுப்பிச் சீட்டுகளைக் கைப்பற்றி உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இதை ஆராய்ந்த அறிஞர்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டார்கள். சீட்டை அரசிடமிருந்து நேரடியாகப் பெற்ற முதல் மனிதர் அதை விற்கலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் சரியான கருத்து என்கிறார் இமாம் நவவீ (ரஹ்). அவரிடமிருந்து விலைக்கு வாங்கியவர்தாம், தானியத்தைக் கைப்பற்றும் முன் மறுபடி விற்கக் கூடாது. ஆகவே சீட்டு என்பதற்காக எல்லா விற்பனையும் விலக்கப்படவில்லை. யாருக்கு எது உடைமையானது, கைப்பற்றுதல் நிகழ்ந்ததா என்பவையே அளவுகோல்களாயின. இன்றைய விளையாட்டுப் பொருட்களுக்கும் இதே அளவுகோல்களைத்தான் நாம் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஏலத்துக்கு வந்த வாள்கள்

1997-இல் அல்டிமா ஆன்லைன், 1999-இல் எவர்க்வெஸ்ட் ஆகிய விளையாட்டுகள் வெளிவந்தன. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் கூடி விளையாடினார்கள். அங்கே வாளும் கவசமும் தங்கக் காசும் உழைத்துத்தான் கிடைக்கும். உழைக்க நேரமில்லாதவரிடம் பணம் இருந்தது. பணமில்லாதவரிடம் நேரம் இருந்தது. இருவரும் ஈபே ஏலத் தளத்தில் சந்தித்தார்கள்.

எவர்க்வெஸ்ட்டை நடத்திய சோனி இதை விரும்பவில்லை. அதன் கோரிக்கையை ஏற்று 2001 ஜனவரியில் ஈபே அந்த விளையாட்டின் பொருட்களை ஏலத்திலிருந்து நீக்கியது. விற்பவர்கள் சொன்ன நியாயம் கவனிக்கத்தக்கது. "பொருள் நிறுவனத்துடையதாகவே இருக்கட்டும். அதைத் தேடிச் சேர்க்க நாங்கள் செலவிட்ட நேரத்துக்குத்தான் கூலி வாங்குகிறோம்" என்றார்கள். விற்பனை என்ற வாசல் மூடப்பட்டதும் கூலி என்ற வாசலைத் தட்டினார்கள். பைஉ வேறு, இஜாரா வேறு என்று நம் மாணவர்கள் படிக்கும் பாடத்தை அவர்கள் தம் தேவையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே 2001-இல் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எவர்க்வெஸ்ட்டின் கற்பனை நாடான நோரத்தின் பொருளாதாரத்தைக் கணக்கிட்டார். ஏல விலைகளை வைத்துப் பார்த்தபோது அந்நாட்டின் தனிநபர் உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. கற்பனை உலகின் பண்டங்களுக்கு மெய்யான சந்தை உருவாகிவிட்டது என்பதை அந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது.

ரூன்ஸ்கேப்: மூடப்பட்ட சந்தையும் மக்களின் வாக்கும்

சுதந்திர வணிகம் வேண்டுமா என்ற கேள்வி வெளிப்படையாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட இடம் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2001 ஜனவரியில் வெளிவந்த இந்த விளையாட்டில், அவ்வாண்டின் இறுதியில் பண்டிகைப் பரிசாகக் காகிதக் கிரீடங்கள் வழங்கப்பட்டன. அணிந்து பார்ப்பதைத் தவிர அவற்றால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அவை மீண்டும் வழங்கப்படவில்லை. பண்டமாற்று தடையின்றி நடந்ததால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கிரீடங்களே விளையாட்டின் மிக விலையுயர்ந்த பொருட்களாயின.

சந்தை திறந்திருந்தால் நல்லவரும் வருவார், திருடரும் வருவார். தங்கக் காசைச் சேர்த்து மெய்யான பணத்துக்கு விற்கும் கூட்டங்கள் ரூன்ஸ்கேப்புக்குள் நுழைந்தன. அவர்களில் பலர் திருடப்பட்ட கடன் அட்டைகளைக் கொண்டு சந்தா செலுத்தினார்கள். அட்டையின் உண்மையான சொந்தக்காரர் முறையிட்டதும் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், இழப்பு நிறுவனத்துக்கு. எனவே ஜாகெக்ஸ் நிறுவனம் 2007-இன் இறுதியில் கடுமையான முடிவெடுத்தது. இருவர் பொருள் மாற்றிக்கொண்டால் இரண்டின் மதிப்பும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வித்தியாசம் சிறு வரம்பைத் தாண்டினால் பரிமாற்றம் நடக்காது.

மோசடி வணிகம் ஒடுங்கியது. கூடவே வேறு சிலவும் ஒடுங்கின. புதிதாக வந்த நண்பனுக்கு நல்ல வாள் ஒன்றை அன்பளிப்பாகத் தர முடியவில்லை. அண்ணன் தம்பிக்கு உதவ முடியவில்லை. நம் மொழியில் சொன்னால், திருடனைத் தடுக்கப் போய் ஹிபாவின் கதவையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். பலர் வெளியேறினார்கள், எதிர்ப்பு ஓயவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிறுவனம் விளையாடுவோரிடமே கருத்துக் கேட்டது. பன்னிரண்டு லட்சம் வாக்குகள் பதிவாயின. 91 விழுக்காட்டினர் சுதந்திர வணிகம் வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரி 1 அன்று தடை நீங்கியது. தங்கம் விற்போரும், அவர்களுக்காக ஓயாது உழைக்கும் தானியங்கி நிரல்களும் மீண்டும் பெருகின. அவ்வாண்டு அக்டோபரில் நிறுவனம் அவற்றுக்கு எதிராகப் பெரும் களையெடுப்பே நடத்த வேண்டியிருந்தது. 2013-இல், பணம் கொடுத்து வாங்கி விளையாட்டுக்குள் விற்கக்கூடிய பத்திரம் ஒன்றை நிறுவனமே வெளியிட்டு, அந்த வணிகத்தின் ஒரு பகுதியைத் தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது.

நீதிமன்றம் கண்ட திருட்டு

இதே விளையாட்டு நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007-இல் லீவார்டன் நகரில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை இரு பையன்கள் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப்பில் அவனிடமிருந்த ஒரு தாயத்தையும் ஒரு முகமூடியையும் பறித்துக்கொண்டார்கள். அவை வெறும் மின்னணுத் தரவு, பொருளல்ல. ஆகவே திருட்டும் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடியது.

2012 ஜனவரி 31 அன்று நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அந்தச் சிறுவன் நேரமும் உழைப்பும் செலவிட்டுப் பெற்றவை, விளையாடுவோரிடையே மதிப்புடையவை, அவன் கட்டுப்பாட்டில் இருந்து, பிறகு அவன் இழந்தவை. ஆகவே திருட்டு என்று தீர்ப்பளித்தது. கைக்கு அகப்படாத மின்சாரத்தையும் திருட முடியும் என்று 1921-இலேயே தீர்ப்பளித்த நீதிமன்றம் அது. சீனாவிலும் 2003 டிசம்பரில், களவுபோன விளையாட்டு ஆயுதங்களை ஆட்டக்காரருக்கு மீட்டுத் தர வேண்டும் என்று பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று நடத்துநருக்கு உத்தரவிட்டது.

ஒன்றை இங்கே பிரித்தறிய வேண்டும். இத்தீர்ப்புகள் பிறர் பறிப்பதிலிருந்து காப்பு அளித்தன. சந்தையில் விற்கும் உரிமை உண்டு என்று அவை சொல்லவில்லை.

சந்தை விளையாட்டை விழுங்கியபோது

நிறுவனமே சந்தையைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2012-இல் டயாப்லோ 3 விளையாட்டில் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. மெய்யான பணத்தில் ஏலம். ஒரு பொருளுக்கு அதிகபட்சம் 250 டாலர். ஒவ்வோர் ஆயுத விற்பனைக்கும் நிறுவனத்துக்கு ஒரு டாலர். திருட்டுச் சந்தையை ஒழிப்பதே நோக்கம் என்றார்கள். ஆனால் அரக்கர்களை வென்று ஆயுதம் தேடுவதே அந்த விளையாட்டின் உயிர். ஆயுதம் கடையில் கிடைத்ததும் தேடல் பொருளற்றுப் போயிற்று. தம் நோக்கத்தையே ஏலக்கூடம் கெடுத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு 2014 மார்ச் 18 அன்று அதை மூடிவிட்டார்கள்.

இதைவிடக் கவலைக்குரியது சூதாட்டம். பணம் கொடுத்து மூடிய பெட்டியை வாங்கினால் உள்ளே என்ன இருக்கும் என்பது தற்செயல். 2018-இல் நெதர்லாந்தின் சூதாட்டக் கண்காணிப்பு அமைப்பு இத்தகைய பெட்டிகளை ஆராய்ந்தபோது வைத்த அளவுகோல், உள்ளிருந்து வரும் பொருளைப் பிறருக்கு விற்க முடியுமா என்பது. விற்க முடியுமானால் அதற்குச் சந்தை மதிப்பு உண்டு. அப்போது அது சூதாட்டம் என்றது. அதே ஆண்டு பெல்ஜியம் இன்னும் கடுமையாக, விற்க முடியாவிட்டாலும் பணம் கொடுத்து வாங்கும் பெட்டி சூதாட்டமே என்றது. நெதர்லாந்தில் ஒரு கால்பந்து விளையாட்டுக்கு விதிக்கப்பட்ட அபராதத்தை 2022-இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. எனினும் நமக்கு மைஸிர் எது என்பது புதிதாகத் தேட வேண்டிய ஒன்றல்ல. பணம் போட்டு, கிடைப்பது நிறைவா குறைவா என்று அறியாமல் காத்திருப்பதை மார்க்கம் தெளிவாக விலக்கியிருக்கிறது.

சந்தையின் இருண்ட பக்கத்தை நிறுவனங்களே ஒப்புக்கொண்டதும் உண்டு. துப்பாக்கி விளையாட்டு ஒன்றின் பெட்டிச் சாவிகளை மறுவிற்பனை செய்ய 2019-இல் தடை விதித்த வால்வ் நிறுவனம், சந்தையில் கைமாறும் சாவிகளில் ஏறத்தாழ அனைத்துமே மோசடிப் பணத்தில் வாங்கப்பட்டவை என்று கருதுவதாக அறிவித்தது.

விருந்தினரும் உரிமையாளரும்

ஃபிக்ஹ் நூல்களில் இரண்டு சொற்கள் உண்டு: தம்லீக், இபாஹா. பொருளை உடைமையாக்கிக் கொடுப்பது தம்லீக். பயன்படுத்திக்கொள்ள அனுமதிப்பது இபாஹா. வலீமாவுக்கு வந்த விருந்தினர் வயிறார உண்ணலாம். அதற்காகத் தம் தட்டிலுள்ள பிரியாணியைப் பக்கத்து வீட்டாருக்கு விலை பேச முடியாது. அவருக்குக் கிடைத்தது அனுமதிதான்.

விளையாட்டு நிறுவனங்களின் நிபந்தனைகள் பெரும்பாலும் நம்மை விருந்தினர் என்றே சொல்கின்றன. ஆனால் கடையில் "வாங்குங்கள்" என்று பொத்தான் வைக்கிறார்கள். பணம் வாங்கும்போது நாம் உரிமையாளர், வழக்கு வரும்போது விருந்தினர் என்பது நேர்மையான வணிகமா? கலிஃபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம், உரிமம் மட்டுமே தரும் இடத்தில் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. ஏமாற்றத்தைத் தடுக்கும் இந்த விதி நமக்கு அந்நியமானதல்ல.

தொட்டுணர முடியாததால் இவை மால் ஆகா என்று ஒதுக்கவும் முடியாது. பயன்களும் செல்வமே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபீ அறிஞர்களின் பழைய நிலை வேறு. ஆயினும் 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயர், பதிப்புரிமை, கண்டுபிடிப்புரிமை போன்ற உருவமற்ற உரிமைகளுக்கும் பொருள் மதிப்பு உண்டு, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று முடிவு செய்தது. எனவே விற்கத் தகுந்த பொருளா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அது நமக்கு உடைமையாக்கித் தரப்பட்டதா என்பதே மிஞ்சும் கேள்வி.

இவ்வரலாற்றிலிருந்து எளியேன் கொள்ளும் முடிவு இது. உழைத்துப் பெற்ற பொருளை விளையாட்டுக்குள்ளேயே அன்பளிப்பாகத் தரவும் மாற்றிக்கொள்ளவும் வழி திறந்திருக்க வேண்டும். ரூன்ஸ்கேப்பின் மூன்று ஆண்டுகள் அதற்குச் சான்று. மெய்யான பணத்துக்கு விற்பது, நிறுவனம் வெளிப்படையாக அனுமதித்துப் பொறுப்பேற்கும் இடத்தில் மட்டுமே இருக்கட்டும். மூடிய பெட்டியிலிருந்து வந்ததைச் சந்தைக்குக் கொண்டுவரவே கூடாது.

அந்த மாணவனிடம் நான் சொன்ன பதிலும் இதிலிருந்தே பிறந்தது. "ஐடியை விற்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் நீ விளையாடத் தொடங்கினாய். விற்கும் அதிகாரம் இல்லாத ஒன்றை விற்றதால் அந்த விற்பனை நிலைக்கவில்லை. வாங்கிய பணம் உன்னுடையதல்ல, திருப்பிக் கொடு. மேலும் நீ பருவமடையாத வயதில் செய்த வணிகம், ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனஃபீயில் உன் வாப்பாவின் ஒப்புதல் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் முதலில் வாப்பாவிடம் சொல்." இரண்டாயிரத்தில் எழுநூறு செலவாகிவிட்டது என்று அழுதான். அவன் வாப்பா அதைக் கொடுத்து, மாதம் நூறு ரூபாயாகக் கைச்செலவிலிருந்து கழித்துக்கொள்கிறார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் கைபேசியில் ஒரு சந்தை நடக்கிறது. அங்கே அவர்கள் வாங்குகிறார்கள், விற்கிறார்கள், சில வேளை ஏமாறுகிறார்கள், சில வேளை ஏமாற்றுகிறார்கள். கடைத்தெருவுக்குத் தனியே அனுப்பும் முன் எவ்வளவு சொல்லிக்கொடுப்போமோ, அவ்வளவையேனும் இந்தச் சந்தைக்கும் சொல்லிக்கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் விளையாட்டையும் ஹலாலானதாக ஆக்குவானாக, ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.