கடைக்கு முந்தியது வீட்டுப் பலகை

பிடித்த தொலைக்காட்சித் தொடரை வைத்து ரசிகர் ஒருவர் பலகை விளையாட்டொன்றை உருவாக்குகிறார். யார் வேண்டுமானாலும் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, கத்தரித்து ஆடிக்கொள்ளலாம் என்று அதை விட்டுவிடுகிறார். மேலை நாடுகளில் இது இன்று சாதாரணம். உரிமம் பெற்றுக் கடையில் விற்கும் விளையாட்டின் மலிவான நகல் என்றுதான் பலரும் இதை மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடு வரலாற்றைத் தலைகீழாகப் பார்க்கிறது. வீட்டில் வரைந்து, கைமாறி, ஆடுகிறவர்கள் திருத்தத் திருத்த வளர்வதுதான் பலகை விளையாட்டின் பழைய வழி. அழகான பெட்டி பின்னால் வந்தது. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதப் படத்தை ஒற்றைத் தாளாக வாங்கி, தாயக்கட்டையையும் காய்களையும் வீட்டிலேயே தேடிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மோனோபொலி என்ற பலகை விளையாட்டின் வரலாறே இதற்குப் பெரிய சான்று. நில வாடகையால் சிலர் கொழுப்பதையும் பலர் நொடித்துப்போவதையும் கண்ணுக்கு முன் காட்டவேண்டும் என்று எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு விளையாட்டை அமைத்து, 1904இல் காப்புரிமையும் பெற்றார். அது பரவியது பெரும்பாலும் கைப்பிரதிகளால். டெலவேர் மாநிலத்து ஆர்டன் சிற்றூரிலும், கல்லூரி மாணவர்களிடையேயும் ஆளாளுக்குத் துணியிலும் அட்டையிலும் பலகையை வரைந்துகொண்டார்கள். தங்கள் ஊர்த் தெருப்பெயர்களைக் கட்டங்களில் எழுதிக்கொண்டார்கள். அட்லாண்டிக் சிட்டியில் குவேக்கர் சமயத்தார் தம் ஊருக்கேற்ப மாற்றிய பலகை, தெரிந்தவர்கள் வழியாகச் சார்லஸ் டாரோ என்பவரின் கைக்கு வந்தது. அவர் அதைத் தம் கண்டுபிடிப்பு என்று விற்றார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் அதை வாங்கியது. மேகியின் காப்புரிமைக்கு அந்த நிறுவனம் கொடுத்த விலை 500 டாலர். டாரோவின் கூற்று பொய் என்பதற்குப் பலகையே தடயம் வைத்திருக்கிறது. மார்வென் கார்டன்ஸ் என்ற குடியிருப்பின் பெயரை அவருக்குக் கிடைத்த கைப்பிரதி ‘மார்வின்’ என்று பிழையாக எழுதியிருந்தது. அந்தப் பிழை அப்படியே அச்சேறி உலகமெங்கும் போயிற்று. 1970களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் நடத்திய வழக்குதான் இந்த வீட்டுப் பலகைகளின் கதையை வெளியே கொண்டுவந்தது.

தொலைக்காட்சிக்கு வந்தாலும் இதே போக்கைக் காண்கிறோம். ‘ஸ்டார் ட்ரெக்’ அமெரிக்காவின் என்.பி.சி.யில் 1966 செப்டம்பர் முதல் 1969 ஜூன் வரை, 79 அத்தியாயங்கள் ஓடியது. தொடர் ஓடிக்கொண்டிருந்த 1967லேயே ஐடியல் நிறுவனம் உரிமம் பெற்ற விளையாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் காலத்தை வென்றது ரசிகர்கள் செய்தவைதான். 1971இல் மைக் மேஃபீல்ட் என்ற கலிஃபோர்னியப் பள்ளி மாணவர் அந்தத் தொடரை வைத்துப் பேசிக் என்ற கணினி மொழியில் ஒரு விளையாட்டை எழுதினார். விண்வெளியை எட்டுக்கு எட்டுக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இன்னொரு எட்டுக்கு எட்டு வைத்து, கெடு முடிவதற்குள் எதிரிகளான கிளிங்கான்களின் கப்பல்களை வேட்டையாட விடும் விளையாட்டு அது. கணினி விளையாட்டைப் பலகை விளையாட்டோடு சேர்க்கலாமா என்று கேட்கலாம். அன்றைய கணினிகள் பலவற்றுக்குத் திரையே கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற கருவி ஒவ்வொரு நகர்வுக்கும் கட்டத்தைத் தாளில் அடித்துக் கொடுத்தது. பலகை கண்முன்னே அச்சாகி வந்தது என்பதே சரி. டேவிட் ஆல் என்பவர் 1973இல் இதன் நிரலைத் தம் நூலில் அச்சிட்டார். 1978இல் அந்நூல் புதிய பதிப்பாக வந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாசகர்கள் வரி வரியாகத் தட்டச்சு செய்தார்கள், கைவந்தபடி மாற்றினார்கள்.

காகிதத்தில் அதைவிட ஆழமாகப் போனது, அதே தொடரின் உலகை வைத்து அமைந்த ‘ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்’. ஸ்டீஃபன் கோல் வடிவமைத்து 1979இல் டாஸ்க் ஃபோர்ஸ் கேம்ஸ் வெளியிட்டபோது அது ஜிப் பையில் அடைத்த சிறு விளையாட்டு; அறுகோணக் கட்டம் அச்சிட்ட வரைபடம், அட்டைச் சில்லுகள், விதிப் புத்தகம், அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவர் தம் கப்பலின் ஆற்றலை ஓட்டத்துக்கு இவ்வளவு, ஆயுதத்துக்கு இவ்வளவு, கேடயத்துக்கு இவ்வளவு என்று தாளில் பங்கிட்டு எழுதவேண்டும். கேடயத்துக்குக் கொடுத்தால் வேகம் குறையும். தொடரில் கப்பல் தலைவர் படும் தவிப்பு இங்கே ஒரு கணக்காக மாறி ஆடுபவரின் தலையில் ஏறுகிறது. தொடரின் படத்தை மேலட்டையில் ஒட்டிவிட்டால் இது வராது. அத்தியாயங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று யோசித்த மனத்துக்குத்தான் இப்படி ஒரு விதி தோன்றும்.

அடுத்தவர் சொத்தை எடுப்பதுதானே இது என்ற ஆட்சேபம் கனமானது. பெயர்களும் பாத்திரங்களும் படங்களும் உரிமையாளருடையவை. அனுமதியின்றி அவற்றை விற்றுக் காசாக்குவதை நான் ஆதரிக்கவில்லை. கோலும், தொடரின் கப்பல்களை வரைந்து 1975இல் நூலாக்கிய ஃபிரான்ஸ் ஜோசப்பிடம் உரிமம் பெற்றே வெளியிட்டார். ஆனால் ஒரு விளையாட்டின் முறை எவருக்கும் பதிப்புரிமைச் சொத்தாகாது. முறை வேறு, அதைச் சொல்லும் எழுத்து வேறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கணக்குப் பதிவு நூல் பற்றிய வழக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரித்துவிட்டது. மோனோபொலியில் பறிபோனது எந்தப் பக்கத்துச் சொத்து என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வீட்டு விளையாட்டுகளில் பல அரைகுறை என்பதும் உண்மைதான். சரியாக ஆடிப் பார்க்காத விதிகளும் சமநிலை கெட்ட ஆட்டங்களும் ஏராளம். அவற்றை யாரும் இரண்டாம் முறை அச்சிடுவதில்லை. அந்த வடிகட்டல் போதும்.

காப்பாற்றுவதில்தான் வீட்டு விளையாட்டுகள் தோற்றுப்போகின்றன. டாரோ 1933இல் எண்ணெய்த்துணியில் செய்த வட்டப் பலகை இன்று ராசெஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; பின்னால் கோடிக்கணக்கில் விற்றதால் அதற்கு அந்த இடம். விற்காத பலகைகளுக்கு அப்படி ஒரு வழியில்லை. வீட்டில் யாராவது வரைந்த, அச்சிட்ட விளையாட்டு உங்களிடம் இருந்தால், அதன் பின்பக்கத்தில் செய்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதி, விதித்தாளையும் சேர்த்து ஒரே உறையில் போட்டு வையுங்கள்.