விடத் தெரியாத பிரேக்

பழைய அம்பாசிடர் ஒன்று இருபது கிலோமீட்டர் ஓடிவந்து மரநிழலில் நிற்கிறது. மூன்று சக்கரங்களைத் தொட முடிகிறது. இடது முன்சக்கரத்துக்கு அருகே போனாலே அனல் அடிக்கிறது. கூடவே கருகிய வாடை. வழிநெடுக ஸ்டியரிங் இடப்பக்கமே இழுத்திருக்கிறது. பட்டறைக்காரர் குனிந்து பார்க்கும் முன்பே சொல்லிவிடுவார்: "பிரேக் பிடிச்சிருக்கு."

வண்டியை நிறுத்துவதற்கு மனிதர்கள் கண்டுபிடித்தவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பிடித்த பிடியை விடுவிக்கப் பொறியாளர்கள் பட்ட பாடு தனிக்கதை. காலை எடுத்ததும் எல்லாச் சக்கரங்களும் ஒன்றுபோல விடுபட வேண்டும். இதற்கு ஒவ்வொரு காலமும் ஒரு வழி கண்டது. அந்த வழி பழசானபோது தனக்கென்று ஒரு கோளாறையும் விட்டுச்சென்றது. அதனால்தான் பழைய காரில் முன்பிரேக் ஏன் பிடித்துக்கொண்டது என்று தேடுபவர், தெரிந்தோ தெரியாமலோ நூறு வருட வரலாற்றைப் பின்னோக்கி நடக்கிறார்.

ஆரம்பகாலக் கார்களில் முன்சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. முன்சக்கரத்தைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும், வழுக்கித் திரும்பும் என்ற பயம் பரவலாக இருந்தது. ஸ்காட்லாந்தின் அரோல்-ஜான்ஸ்டன் நிறுவனம் 1909-இல் முன்சக்கர பிரேக்கைத் துணிந்து பொருத்திவிட்டு, இரண்டே வருடத்தில் கைவிட்டது. இத்தாலியின் இசோட்டா பிராஸ்கினி 1910-இல் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கொடுத்தது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. திரும்பிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருக்கும் சக்கரத்துக்கு இரும்புக் கம்பியாலும் கேபிளாலும் பிரேக் இழுத்தால், இரண்டு பக்கமும் சமமாக இழுபடாது. ஒரு பக்கம் முந்திப் பிடிக்கும், ஒரு பக்கம் பிந்தி விடும். 1920-களில் நான்கு சக்கர பிரேக் உள்ள கார்களின் பின்புறத்தில் சிவப்பு முக்கோணம் ஒன்றை மாட்டிவைக்கும் வழக்கம்கூட வந்தது. இந்த வண்டி சட்டென்று நின்றுவிடும், தள்ளி வா என்று பின்னால் வருபவருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது.

சமமாக அழுத்தும் வழியைத் திரவத்தில் கண்டவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். விமான நிறுவனம் கண்ட ஆலன் லாக்ஹீடின் அண்ணன். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான் அடிப்படை. 1917-இல் லாக்ஹீட் காப்புரிமை பெற்றார். 1921-இல் லே மான்ஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஜிம்மி மர்பி ஓட்டி வென்ற டூசன்பெர்க் காரில் திரவ பிரேக்தான் இருந்தது. 1924-இல் வந்த முதல் கிரைஸ்லர் கார் அதை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. போர்டு நிறுவனமோ கம்பியையும் கேபிளையும் விட மனமில்லாமல் 1939 வரை காத்திருந்தது.

கம்பி பிரேக்கில் விடுவிக்கும் வேலையைச் சுருள்வில் செய்தது. திரவ பிரேக்கிலும் சுருள்வில் உண்டு. ஆனால் டிரம்மின் உட்சுவரில் அழுந்தும் ஷூவை அது உள்ளே இழுக்க வேண்டுமென்றால், சக்கரம் வரை போன திரவம் திரும்பி வந்தாக வேண்டும். அதற்காகவே, பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள், பிரேக் ஆயில் தொட்டிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில், மிக நுண்ணிய துளை ஒன்று போடப்பட்டது. பெடல் முழுதாக மேலே வந்ததும் பிஸ்டனின் ரப்பர் கப் இந்தத் துளையைத் தாண்டிப் பின்னால் போகும். மிச்ச அழுத்தம் தொட்டிக்குள் வடியும். துளையில் அழுக்கு அடைத்தாலும் சரி, பெடல் கம்பியைக் கொஞ்சம் நீளமாக வைத்துப் பூட்டியதால் கப் முழுதாகப் பின்னால் போகாவிட்டாலும் சரி, அழுத்தம் வடிய வழியில்லை. ஓட ஓட டிரம் சூடாகும், சூட்டில் திரவம் விரியும், விரிந்த திரவம் ஷூவை இன்னும் இறுக்கும். காலையில் நன்றாகக் கிளம்பிய வண்டி பத்தாவது கிலோமீட்டரில் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். பெடலை அழுத்தத் தொடங்கும்போது முதலில் சிறிது வெறுமனே ஆட வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

அடுத்த சிக்கல் ஒரு சொல்லால் வந்தது. நம் ஊரில் பிரேக் திரவத்தின் பெயர் பிரேக் ஆயில். தொடக்கத்தில் அந்தப் பெயரில் உண்மையும் இருந்தது. அந்நாளைய பிரேக் திரவங்களில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தவை உண்டு. நம் வீட்டு விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுப்பதில்லை. பிற்பாடு கிளைகோல் வகைத் திரவங்கள் வந்த பிறகு எண்ணெய் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆயில் என்றதால் அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றிய வண்டிகள் ஏராளம். கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப் உப்பிப் பிசுபிசுக்கும். உப்பிய கப் சிலிண்டருக்குள் இறுகும், அந்த நுண்ணிய துளையையும் மூடும். ஒரு சக்கரம் மட்டுமல்லாமல் நான்கும் சேர்ந்து பிடித்துக்கொண்டால் தொட்டியைத் திறந்து மோந்து பார்ப்பதே முதல் வேலை. எண்ணெய் ஊற்றியது உறுதியானால் எல்லா ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தியச் சாலைகளில் இந்தக் கோளாறுகளெல்லாம் நீண்ட ஆயுளோடு வாழ்ந்தன. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வடிவில் 1950-களின் இறுதியில் பிறந்த அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியானது. பியட் 1100-இன் வாரிசான பிரீமியர் பத்மினி 2000 வரை வந்தது. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரானது. வேறு நாடுகளில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட முன்சக்கர டிரம் பிரேக், இங்கே டாக்சி ஸ்டாண்டில் நின்றது. அதைச் சுற்றி ஒரு தொழிலும் வளர்ந்தது. டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து 1962-இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. ராணே பிரேக் லைனிங் 1964-இல் வந்தது. புதுசு வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழசு போதுமென்றால் புதுப்பேட்டை என்று சென்னை மெக்கானிக்குகளுக்கு வழி தெளிவாக இருந்தது.

அந்தப் பட்டறைகளில் பழகிய சோதனை முறை அழகானது. ஒரு ஸ்பானரும் ஜாக்கியும் போதும். முதல் கேள்வி, வண்டி எப்போது இழுக்கிறது என்பது. பெடலைத் தொடாமல் ஓடும்போதே இடப்பக்கம் இழுத்தால் இடது சக்கரம் பிடித்திருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால், பெரும்பாலும் வலது பிரேக்தான் சரியாக வேலை செய்யவில்லை. அடுத்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, பெடலை ஒருமுறை மிதித்து விட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லையென்றால், காற்று எடுக்கும் நிப்பிளை அரைச்சுற்றுத் தளர்த்த வேண்டும். திரவம் சீறிக்கொண்டு வந்து சக்கரம் இளகினால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. இரண்டு சொட்டு மட்டும் கசிந்து சக்கரம் அப்படியே நின்றால், குற்றவாளி அந்த டிரம்முக்குள்ளேயே இருக்கிறது: துருப்பிடித்த வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளுவது), அறுந்த சுருள்வில், அளவுக்கு மீறி முடுக்கிய அட்ஜஸ்டர் என்று மூன்றில் ஒன்று.

சிக்கிய அழுத்தம் என்றால் தேடல் மேலே போகும். நிப்பிளை மூடி மறுபடி மிதித்து, இம்முறை இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தைத் தளர்த்த வேண்டும். சக்கரம் இளகினால் அடைப்பு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். இளகவில்லையென்றால் அந்த ஹோஸ்தான். வெளியே பார்த்தால் ஹோஸ் கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். உள்சுவரில் ரப்பர் உரிந்து ஒரு நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். காலின் பலம் அதைத் தள்ளிக்கொண்டு திரவத்தை உள்ளே அனுப்பிவிடும். திரும்பி வர வெறும் சுருள்வில்லின் பலம்தான். நாக்கு வழியை மூடிக்கொள்ளும். வீல் சிலிண்டரை இரண்டு தடவை மாற்றியும் தீராத பிரேக், பல நேரம் ஒரு ஹோஸ் மாற்றியதும் தீர்ந்துவிடும்.

டிஸ்க் பிரேக் இந்தக் கதையில் வித்தியாசமான அத்தியாயம். பிரிட்டனின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-இல் ஜாகுவார் சி-டைப் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு லே மான்ஸ் பந்தயத்தை வென்ற பிறகே உலகம் அதை நம்பியது. 1955-இல் சிட்ரோவன் டிஎஸ் அதை முன்சக்கரத்தில் பொருத்தி வந்தது. இன்று நாம் பார்க்கும் டிஸ்க் பிரேக்கில், சுழலும் தகட்டைப் பிடிக்கும் பேடைப் பின்னால் இழுக்கச் சுருள்வில் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையம், மிதிக்கும்போது சற்றே முறுகி, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தச் சின்ன நெளிவு பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. விடுதலை முழுவதும் அந்த மயிரிழையில்தான். பிஸ்டனில் துளி துரு ஏறினாலும் அது நின்றுபோகும்.

துரு எங்கிருந்து வருகிறது? கிளைகோல் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்துப் புதிய பிரேக் திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் தாங்கவேண்டிய அளவு 140 டிகிரியாக இறங்குகிறது. அந்த நீர் கொதிநிலையைக் குறைப்பதோடு நிற்காமல் சிலிண்டரின் சுவரையும் அரிக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய கார், தினமும் ஓடும் காரைவிட அதிகமாகப் பிரேக் பிடித்துக்கொள்வதற்கு இது பெரிய காரணம்.

இலங்கையில் மாரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்தக் காரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. பிரேக் ஆயில் ஊற்ற விரிப்பைத் தூக்க வேண்டும். மழைநீரும் சேறும் தெறிக்கும் இடம் என்பதால் சிலிண்டர் விரைவில் கெடும். எட்டாத இடம் என்பதால் கவனிப்பும் குறையும். ஆனாலும் அந்தக் கார்களை அவர்கள் விடவில்லை. 1990-களில் இங்கிலாந்தின் மைனர் பிரியர்களுக்காக இலங்கையிலேயே உதிரிபாகங்கள் தயாராகிக் கப்பலேறின.

டிரம்மைக் கழற்றும்போது மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. ஷூவில் ஒட்டிய உராய்வுப் பட்டைகளான பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. உள்ளே படிந்த தூளை வாயால் ஊதியும் காற்றுக்குழாயால் அடித்தும் சுத்தம் செய்த தலைமுறைக்கு அது நுரையீரலை அழிக்கும் என்று சொல்ல யாருமில்லை. இன்று தெரியும். ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே முறை.

எல்லாம் மாட்டி, காற்று எடுத்து, பெடலை மிதித்து விட்ட பிறகு கடைசிச் சோதனை ஒன்று. ஜாக்கியில் நிற்கும் சக்கரத்தை மெக்கானிக் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுகிறார். லைனிங் லேசாக உரசி உஸ் என்கிறது. சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி, தானாக மெல்ல நிற்கிறது. அவர் ஜாக்கியை இறக்குகிறார்.