‘சிவில் தன்மையுள்ள நடவடிக்கை’: பவுல்ஸ் வழக்கின் காலக்கெடு குறித்து ஒரு மறுவிசாரம்

பவுல்ஸ் எதிர் ரஸ்ஸல் வழக்கில் 2007ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவர் நால்வர் என்று பிரிந்து அளித்த தீர்ப்பை, சட்டமன்றம் வகுத்த காலக்கெடுவை நீதிபதிகள் தயை கருதித் தளர்த்தலாகாது என்னும் அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டின் ஸ்தாபனமாகவே அறிஞர் பலர் வியாக்கியானம் செய்து வந்துள்ளனர். தீர்ப்பின் சொற்களுக்கு இசைவதாகத் தோன்றும் அவ்வியாக்கியானம், தீர்ப்பு நிற்கும் ஆதாரத்துக்கு இசையவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒஹையோ மாநிலத்தில் கொலைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டிருந்த மனுதாரருக்கு, ஆட்கொணர்வு மனு தள்ளுபடியான பின் மேல்முறையீட்டுக் காலத்தை மீண்டும் திறந்து கொடுத்த மாவட்ட நீதிபதி, சட்டம் அனுமதித்த 14 நாளுக்குப் பதிலாக 17 நாள் அளித்து, 2004 பிப்ரவரி 27 என்று தேதியும் குறித்துவிட்டார். அத்தேதிக்கு ஒரு நாள் முன்பாகவே, ஆனால் சட்டக் கணக்கில் இரண்டு நாள் பிந்தி, முறையீடு தாக்கலாயிற்று. வழக்கறிஞர் தாமே நாளெண்ணிப் பார்த்திருக்கலாமே என்பர். நீதிபதியின் உத்தரவை நம்பாதிருப்பது கட்சிக்காரரின் கடமை என்று கொண்டாலன்றி அவ்வாதம் நிற்காது.

விவாதத்திற்குரியது, மேல்முறையீட்டுக் கெடுவை விதிக்கும் கூட்டாட்சிச் சட்டத்தின் 2107ஆம் பிரிவு. பெரும்பான்மையினர் சார்பில் எழுதிய நீதிபதி தாமஸ், கெடு சட்டத்திலேயே இடம்பெற்றிருப்பதால் அது நீதிமன்றத்தின் அதிகார வரம்பையே கட்டுப்படுத்தும் என்கிறார். கிரிமினல் வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தை அணுகுவதற்கான கெடுவோ நீதிமன்றமே வகுத்த விதியில் இருப்பதால் தளரக்கூடியது என்று, 1970ஆம் ஆண்டின் ஷாக்ட் வழக்கைப் பிரமாணமாகக் காட்டி வேறுபடுத்துகிறார். போர் எதிர்ப்பு நாடகமொன்றில் ராணுவச் சீருடை அணிந்தமைக்காகத் தண்டனை பெற்ற அந்த மனுதாரர் 101 நாள் பிந்தியும் விசாரிக்கப்பட்டார். இருவரும் குற்றத் தீர்ப்பின் மறுபரிசீலனையையே நாடினர். இருவருக்கும் இடையே நின்றது 2107ஆம் பிரிவு தன் ஆளுகைக்கு எல்லையாக வைத்த ‘சிவில் தன்மையுள்ள’ என்னும் அடைமொழிதான். ஆட்கொணர்வு மனுவை அவ்வகையில் சேர்த்தது யார் என்று தேடினால், 1883ஆம் ஆண்டின் டாம் டாங் தீர்ப்பில் அவ்வாறு வகுத்தது அதே உச்ச நீதிமன்றம் என்பது புலனாகும். பின்வந்த சட்டமன்றம் அவ்வழக்கை அறிந்தே அச்சொல்லைக் கையாண்டிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அறிந்திருந்தது என்பது வேறு, சிறைப்பட்டவனுக்குக் கதவடைக்க எண்ணியது என்பது வேறு.

சட்டத்தில் இருப்பதே போதும் என்பாருக்கு ஹாலண்ட் வழக்கு உள்ளது. பவுல்ஸ் தீர்ப்புக்குச் சரியாக மூன்றாண்டு கழித்து, 2010 ஜூன் 14 அன்று, 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்கொணர்வு மனுவுக்கு விதித்த ஓராண்டுக் கெடு, சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தும், நியாயம் கருதித் தளரக்கூடியது என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. முந்தியது மேல்முறையீட்டுக்கு, பிந்தியது முதல் மனுவுக்கு என்ற வேறுபாடு மெய்யே. எனினும் 2107ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, காலத்தை எத்தனை நாள் மாவட்ட நீதிமன்றம் மீண்டும் திறக்கலாம் என்று நீதிபதியை நோக்கியே பேசுகிறது. மீறப்பட்டது நீதிபதிக்கிட்ட கட்டளை, இழந்ததோ உத்தரவுக்குப் பணிந்தவர்.